ரண்டு தட்டு

அப்பிடியொண்டு இனி நான் செய்யிறேல்லை. காத்திலை தானா இனிமையாச் சத்தம் போடுற சிலை ஒண்டு ஹோட்டல் முத்தத்துக்கு வேணுமெண்டு கேட்டு, ஆரோ என்ரை பேரைச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கினம், சந்தோசம்தான். வாசலுக்குக் கேற் கேளுங்கோ செய்து தாறன், யன்னலுக்குக் கிறில் கேளுங்கோ, தண்ணித் தாங்கிக்கு ஸ்ராண்ட் கேளுங்கோ, எல்லாம் செய்து தாறன். அது மட்டும் ஏலாது. ஏனெண்டு சொன்னால் ஒழுங்கை முடக்கிலை போய் நிண்டு சிரிப்பியள். பறவாயில்லை, தேத்தண்ணி ஊத்தியாச்சு, இருந்து கேட்டிட்டுப் போங்கோ.

முதல்லை ஒண்டைச் சொல்லிப்போடுறன். பேய், முனி, ஆவி எண்டு கதைக்கிற ஆக்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நாங்கள் சேர்ச்சுக்குப் போற குடும்பம், நான் படிச்சது மிஷன் பள்ளிக்கூடம், அங்கை பேய்க்கதை சொன்னால் ரீச்சர் வெளியிலை கொண்டுபோய் நிப்பாட்டிப்போடுவா. உந்தா நிக்குது புளியமரம், உச்சி வெயிலுக்கை சனம் அதுக்குக் கீழாலை போகாதுகள், நான் அதின்ரை நிழலிலைதான் இருவது வருசமாப் பட்டறை வைச்சிருக்கிறன். ஒரு பேயும் வந்து என்னட்டைக் கேற் கேக்கேல்லை. அச்சுவேலியிலை பொம்பிளை ஒருத்தி வெல்டிங் அடிக்கிறாள் எண்டு சனம்தான் என்னைப் பேயைப் பாக்கிற மாதிரிப் பாத்தது.

போன வருசம் தென்மேற்கிலையிருந்து சோளகக் காத்துத் தொடங்கிற நேரம் கலா எண்டொரு பிள்ளை வந்தவ. தொண்டைமானாத்துக்கு அங்காலை, கரையோரத்து ஆக்கள், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் பெட்டியிலை மூண்டு காத்துச் சிலிண்டரை ஏத்திக்கொண்டு வந்து இந்த வாசல்லை இறக்கினவ. கடலட்டை பிடிக்கச் சுழியோடுற ஆக்கள் முதுகிலை கட்டுவினம் தெரியுமெல்லே, அதுதான். மஞ்சள் பெயின்ற் உரிஞ்சு, உப்புப் பூத்துக் கிடந்தது.

"இதை மணி மாதிரி வெட்டி, காத்துக்குத் தானா அடிக்கிற மாதிரி ஒரு வடிவான சாமான் செய்து தருவியளோ அக்கா?" எண்டு கேட்டவ.

நெத்தியிலை பெரிய பொட்டு, கழுத்திலை தாலி. ஆரின்ரை சிலிண்டர் எண்டு கேட்டன். மனிசன்ரையாம், பேர் ஜெயம். தம்பியாரோடை படகிலை போய்ச் சுழியோடினவர் மேலை வரேல்லை, அப்ப எட்டு மாசமாம். முதுகிலை கட்டின சிலிண்டரோடை போனவர், இது மூண்டும் வீட்டிலை மிச்சம் கிடந்ததாம். உடம்பு கிடைக்கேல்லை. கிடைக்காதபடியாலை அவ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய விடேல்லை, பொட்டை அழிக்கேல்லை, மாமியார் பகுதி அவவோடை கதைக்கிறதை விட்டிட்டினமாம். அதையெல்லாம் கடைக்குப் போய் வந்த கதை மாதிரிச் சொன்னவ.

பிறகு சொன்னா ஏன் அது வேணுமெண்டு. இவர் கீழை போனால் தம்பியார் படகிலை இருந்து ஒரு இரும்புக் கம்பியைத் தண்ணிக்குள்ளை விட்டுச் சுத்தியலாலை தட்டுவாராம். மூண்டு தட்டு எண்டால் மேலை வா. தண்ணிக்குள்ளை அது கனதூரம் கேக்குமாம். அந்த எட்டு மாசமும் அவ கரையிலை நிண்டு கம்பியை விட்டு மூண்டு மூண்டாத் தட்டியிருக்கிறா.

"சனம் விசரி எண்டுதுகள் அக்கா. வடிவா ஒரு சாமான் நிண்டால் அழகுக்கு வைச்சிருக்கு எண்டு நினைக்குங்கள். நான் சமைக்கேக்கையும் அது தன்ரை பாட்டிலை தட்டிக்கொண்டு நிக்கும். அதின்ரை கால் மட்டும் தண்ணிக்குள்ளை நிக்கோணும். சத்தம் இனிமையாவும் இருக்கோணும், அவருக்கு நாராசம் பிடிக்காது, ரேடியோவையே குறைச்சு வைச்சுத்தான் கேக்கிறவர்."

எட்டு மாசம். ஒரு சிலிண்டருக்கு முக்கால் மணித்தியாலம்தான் காத்து. எனக்கு அது தெரியும், அவவுக்குத் தெரியாதோ? நான் சொல்லியிருக்கோணும், பிள்ளை, போய்ச் செய்யவேண்டிய கிரியையைச் செய் எண்டு. சொல்லேல்லை. சரி, விட்டிட்டுப் போ எண்டன்.

வேலை எண்டு பாத்தால், பொய் சொல்லக்கூடாது, நான் செய்ததிலை அதுதான் திறமான வேலை. ஒரு ஆள் உயரத்துக்கு இரும்புத் தூண், அதைச் சுத்திக் கீரிமீன் கூட்டம் ஒண்டு ஒரே மூச்சாத் திரும்புற மாதிரி ஸ்ரெயின்லெஸ் தகட்டிலை முப்பது மீன் வெட்டி வைச்சன். மீனுக்குக் கீழை நீட்டும் கட்டையுமாக் குழாயள். அதுக்கும் கீழை மூண்டு சிலிண்டரையும் அடி வெட்டி மணியாக்கி வரிசையாத் தொங்கவிட்டன். காத்து மீனைத் தள்ள ஒரு இரும்புக் கை சுத்தி வரும், வரேக்கை மூண்டு மணியையும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாத் தட்டிக்கொண்டு போகும். மூண்டு தட்டு. அதுக்கு மேலாலை குழாயள் பாடும்.

சும்மா வரேல்லை அந்தச் சத்தம். குழாயளை முதல் நடுவிலை துளைச்சுத் தொங்கவிட்டிட்டன், கேற்றுக் கம்பிக்குப் பழகின கை, எதையும் நடுவிலை பிடிச்சுத்தான் பழக்கம். தட்டினால் வெறும் ரின்பால் தகரப்பேணி மாதிரிச் செத்த சத்தம். மூண்டு நாள் மினைக்கெட்டுத்தான் பிடிபட்டது, நுனியிலையிருந்து நாலிலை ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவா ஒரு இடம் இருக்கு, அதிலை கட்டினால் குழாய் வாய் திறக்குது. பிறகு நூல் நூலா அரைச்சு அரைச்சுச் சுருதி பாத்தன். சேர்ச்சிலை நான்தான் பாட்டுக்கு முன்னுக்கு நிக்கிறது, காது பிழைக்காது. சிலிண்டரை வெட்ட முதல் வால்வைத் திறந்து காத்தை விடோணும், ரண்டு வெறும், ஒண்டுக்குள்ளை மட்டும் கொஞ்சம் காத்து மிச்சம் இருந்தது, நல்லா நேரம் சீறிக்கொண்டு போச்சுது. அதை நான் அப்ப பெரிசா நினைக்கேல்லை.

இனித்தான் நீங்கள் நம்பமாட்டியள். வெல்டிங் அடிச்சால் ஒட்டின இடத்திலை கறுத்தப் பொருக்கு ஒண்டு படியும். அதைச் சின்னச் சுத்தியலாலை சுரண்டி விழுத்திப்போட்டு, ஒட்டுப் பிடிச்சிருக்கோ எண்டு பாக்க நான் ரண்டு தட்டுத் தட்டுவன். டக் டக். எனக்கு வேலை பழக்கினவர் அப்பிடித்தான் தட்டுவார், எனக்கும் அது வந்திட்டுது. நித்திரையிலை எழுப்பிவிட்டாலும் ரண்டுதான் தட்டுவன்.

அந்தத் தூணிலை ஒட்டடிச்சு டக் டக் எண்டு தட்டிப்போட்டுச் சுத்தியலைக் கீழை வைக்கேக்கை, ஒரு மணி தன்பாட்டிலை "ணங்" எண்டுது. ஒருக்கா மட்டும். அதிர்விலை அடிக்குதாக்கும் எண்டு விட்டன். அடுத்த ஒட்டு, டக் டக், ணங். அதே மணி. காத்து மிச்சம் இருந்த சிலிண்டர். வாசர் லூசோ எண்டு மாத்தினன். கொக்கியைக் கழட்டித் திரும்பப் பூட்டினன். கடைசியிலை அந்தத் தட்டுற கையையே கழட்டி மேசையிலை வைச்சிட்டன், இனி மணியிலை பட ஒண்டுமில்லை. டக் டக் எண்டு தட்டிப்போட்டு நிண்டு பாத்தன். ணங்.

அப்பவும் நான் பயப்பிடேல்லை எண்டால் நம்புவியளோ? எனக்குக் கோவம்தான் வந்தது. என்ரை வேலையிலை பழுது எண்டு. ஆறு கிழமை அந்தச் சாமானோடை மல்லுக்கட்டினன், எத்தினை ஒட்டு, எத்தினை நூறு தரம் தட்டியிருப்பன், ஒவ்வொருக்காலும் அது ஒரு சத்தம் போட்டது. போகப் போகக் காது பழகிப்போச்சு. சிலவேளை "ஓம் ஓம் விளங்குது" எண்டு நானே அதுக்குப் பகிடியாப் பதிலும் சொல்லியிருக்கிறன்.

சாமான் முடியிற நேரம் ஒருநாள் மத்தியானம் ஜெயத்தின்ரை தம்பியார் வந்தவன், சுதன். காத்து விழுந்து போன நாள், புளியிலை ஒரு இலை அசையேல்லை. முப்பது வயசு இல்லை, கன்னம் ஒட்டி ஐம்பது வயசுக்காறன் மாதிரி. வந்து மணியைப் பாத்தான், மீனைப் பாத்தான், வடிவா இருக்கு எண்டான். பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, இது ரண்டு தட்டாமல் செய்ய ஏலுமோ?"

"மூண்டுதான் தட்டும், கை முழுக்கச் சுத்தினால்தான் திரும்பும். ஏன்?"

"ரண்டு மட்டும் தட்டக்கூடாது. மச்சாளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மச்சாள் எண்டது கலாவை. நான் விடேல்லை, ஏனெண்டு சொல்லாட்டில் நான் சாமான் தரமாட்டன் எண்டன். அவன் உதிலைதான், நீங்கள் இருக்கிற கதிரையிலைதான் இருந்தான். மூண்டு தட்டு எண்டால் மேலை வா, அது கலாவுக்கும் தெரியும். ரண்டு தட்டு எண்டால் வராதை, கீழையே நில். அது படகிலை போறவைக்குத்தான் தெரியும், கரையிலை இருக்கிற பொம்பிளையளுக்கு அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை, பயப்பிடுங்கள் எண்டு. அண்டைக்கு ஜெயத்துக்குக் காத்து முடியப் பத்து நிமிசம்தான் இருந்ததாம். அந்த நேரம் பெரிய படகொண்டு நேரை வந்திருக்கு, மேலை வந்தால் அதின்ரை எஞ்சின் விசிறி வெட்டிப்போடும் எண்டு இவன் ரண்டு தட்டியிருக்கிறான். பிறகு வழியை விட்டு விலத்தப் போக எஞ்சின் நிண்டுபோச்சு, நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போட்டுது. திரும்பி வர இருவது நிமிசம்.

"வந்து மூண்டு தட்டினன் அக்கா. கைத்தோல் உரியத் தட்டினன். பதில் வரேல்லை."

அவனைச் சிரிக்க வைப்பம் எண்டு நினைச்சேனோ என்னவோ, வாயைக் குடுத்திட்டன். "இதுவும் ஒரு விசர்ச் சாமான்தான் தம்பி, நான் ரண்டு தட்டினால் தானா ஒரு சத்தம் போடுது" எண்டன்.

அவன் எழும்பி நிண்டிட்டான். முகம் வெளிறிப்போச்சு. எத்தினை சத்தம் எண்டு கேட்டான். ஒண்டு எண்டன். பிறகுதான் சொன்னான், கீழை நிக்கிறவர் படகுக்குப் பதில் சொல்லுறது ஒரு தட்டுத்தானாம். அட்டை எடுக்கிற கொளுக்கியாலை முதுகுச் சிலிண்டரிலை ஒருக்காத் தட்டுவினமாம். விளங்கிட்டுது எண்டு அர்த்தம். அண்டைக்கும் இவன் ரண்டு தட்ட ஜெயம் ஒண்டு தட்டினவராம். அதுதான் அவர் கடைசியாச் சொன்னது.

என்ரை கையிலை இருந்த சுத்தியலைப் பறிச்சான். தூணிலை மூண்டு தட்டினான். நாங்கள் ரண்டு பேரும் மூச்சுவிடாமல் நிண்டம். ஒண்டுமில்லை. திரும்ப மூண்டு. ஒண்டுமில்லை. பத்துத் தரம், பதினைஞ்சு தரம் தட்டியிருப்பான், "அண்ணை வாங்கோ, அண்ணை மேலை வாங்கோ" எண்டு சொல்லிச் சொல்லித் தட்டினான். மணியள் சும்மா தொங்கிக்கொண்டு நிண்டது. பிறகு சுத்தியலை என்னட்டைத் தந்தான். "நீங்கள் தட்டுங்கோ அக்கா, நான் தட்டமாட்டன்." தட்டினன். டக் டக்.

ணங்.

நடுப்பகல். ஒழுங்கையாலை ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போகுது. எதிர்வீட்டிலை மிளகாய் வறுக்கிற மணம். இதுக்குள்ளை அந்தப் பெடியன் நிலத்திலை குந்தித் தலையிலை அடிச்சு அழுகிறான். "நில் எண்டு சொன்னதுக்கு நிக்கிறார் அக்கா. இன்னும் நிக்கிறார்." எனக்கு அப்பதான் உறைச்சது. ஆறு கிழமை. அந்த ஆறு கிழமையும் நான் தட்டினது முழுக்க ரண்டு. நில், நில், நில் எண்டு நூறு நூறு தரம் சொல்லியிருக்கிறன், அந்த மனிசன் ஒவ்வொருக்காலும் விளங்கிட்டுது எண்டிருக்கு. மிச்சம் இருந்த காத்தையும் நான்தான் திறந்துவிட்டனான். அண்டைக்கு நான் சாப்பிடேல்லை. செபம் பண்ணப் பாத்தன், வசனம் வரேல்லை.

அதை உடைச்சுப்போடுவம் எண்டன். சுதன் விடேல்லை. மச்சாள் ஒவ்வொரு நாளும் கேக்கிறா, குடுங்கோ, மூண்டு மட்டும்தானே தட்டும் எண்டான். குடுத்தன். கரையிலை முழங்கால் தண்ணிக்குள்ளை தாட்டு நிப்பாட்டினம். சோளகம் நல்லா வீசின நாள், மீன் எல்லாம் ஒண்டாத் திரும்பிச்சு, கடலும் குழாயும் மணியுமா, வேலைக்குப் போன ஆக்கள் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு நிண்டு கேட்டிச்சினம். கலா சேலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா. "இப்ப கேட்டிருக்கும் என்ன அக்கா?" எண்டு மட்டும் கேட்டா. சுதன் அங்கை நிக்கேல்லை. கொஞ்ச நாளிலை அவன் தொழிலை விட்டிட்டு மன்னார்ப் பக்கம் மேசன் வேலைக்குப் போட்டான், போன் அடிச்சாலும் எடுக்கிறான் இல்லை.

அந்தச் சோளகம் முழுக்க அது மூண்டு மூண்டாத் தட்டிச்சு. ஒண்டும் வரேல்லை. வராதெண்டு எனக்குத் தெரியும்தானே. பிறகு காத்து விழுந்தது, கலா தானே சுத்தியலோடை தண்ணிக்குள்ளை இறங்கித் தட்டத் தொடங்கினா. ஒருநாள் மத்தியானம் எனக்குப் போன் வருது, அவ அழுகிறாவோ சிரிக்கிறாவோ எண்டு தெரியேல்லை.

"அக்கா, பதில் சொன்னவர்! சத்தியமாப் பதில் சொன்னவர்!"

ரண்டு தட்டினாப் பிறகு ஈரக்கையிலை சுத்தியல் வழுகித் தண்ணிக்குள்ளை விழுந்திட்டுதாம். குனிஞ்சு தேடேக்கை ஒரு மணி தானா அடிச்சதாம். திரும்ப எடுத்து மூண்டு தட்டினாவாம், இல்லை. ரண்டு தட்டினாவாம், அடிச்சதாம். "ரண்டுக்குத்தான் சொல்லுறார் அக்கா. ரண்டெண்டால் என்ன? சுதன் உங்களுக்கு ஏதும் சொன்னவனோ?"

தெரியாது எண்டன். அவ்வளவுதான் சொன்னன். ஏன் சொன்னனான் எண்டு கேளாதேங்கோ. அந்தக் குரலை நீங்கள் கேட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பியள். உண்மையைச் சொன்னால் அவ தட்டுறதை விட்டிடுவா, விட்டால் அந்த ஒரு சத்தமும் இல்லை. சொல்லாட்டில் ஒவ்வொரு நாளும் பன்ரண்டு மணிக்குப் பொட்டு வைச்சுத் தலை வாரி இழுத்துக்கொண்டு போய், வராதேங்கோ, அங்கையே நில்லுங்கோ எண்டு தன்ரை வாயாலை சொல்லுற மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பா. ரண்டிலை எது பாவம் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை.

போன கிழமை போனனான். ஆள் கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறா, முகத்திலை வெளிச்சம். என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணிக்குள்ளை நிப்பாட்டிப்போட்டு ரண்டு தட்டினா. ஒண்டும் வரேல்லை. எனக்குள்ளை ஒரு நிம்மதி வந்தது, முடிஞ்சுது, இனி இல்லை எண்டு. அவ விரலைக் காட்டிப் பொறுங்கோ எண்டா. நான் மனதுக்குள்ளை எண்ணத் தொடங்கினன். இருவத்தாறு எண்ணேக்கை, ணங். மெல்லிசா.

"முதல் உடனை சொல்லுவார், இப்ப பிந்தித்தான்" எண்டு சிரிக்கிறா. "மனிசனுக்கு வயசு போகுதாக்கும்." மணியிலை பிடிச்ச உப்பைச் சேலைத் தலைப்பாலை துடைச்சுவிட்டா, முகத்தைத் துடைச்சுவிடுற மாதிரி.

குடியுங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது. உங்கடை சாமானை வேறை ஆரும் செய்து தருவினம், நான் செய்தாலும் ஒட்டுப் பாக்க இந்தக் கை ரண்டுதான் தட்டப்போகுது. இப்பவெல்லாம் பன்ரண்டு மணிக்கு மிசினை நிப்பாட்டிப்போடுறன். அவ அங்கை தட்டியிருப்பா எண்டு நினைச்சு இஞ்சை இருந்து எண்ணுறன், இருவத்தாறு தாண்டி, முப்பது தாண்டி. எங்கை நிப்பாட்டுறது எண்டுதான் தெரியேல்லை.